ஹிட்டாச்சி ஓட்டத் தெரியும்... கையில பேப்பர் இருக்கா பாஸ்? - சுரங்க வேலைக்குக் கிளம்பும் ஆபரேட்டர்களுக்கு ஒரு கைடு

என் சித்தப்பா மகன் ஆறு வருஷமா ஹிட்டாச்சி ஓட்டுறான். நாமக்கல் மாவட்டத்தில் ஒரு கல் குவாரி. ஹெல்பரா சேர்ந்தவன். கிரீஸ் அடிச்சு, டீசல் கேன் தூக்கி, ஆபரேட்டர் அண்ணன் சாப்பிடப் போற நேரத்துல லீவரைத் தொட்டுப் பார்த்துப் பழகிட்டான். இப்போ பாறையில் பிரேக்கர் வைத்தாலும் சரி, டிப்பருக்கு லோடு போட்டாலும் சரி, பக்கெட் அவன் கை மாதிரி அசையும்.

வெளி மாவட்டத்தில் ஒரு பெரிய சுரங்கம். அங்கே கான்ட்ராக்ட் எடுத்த ஒரு கம்பெனி ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனான். வண்டியில் ஏற்றிப் பார்த்தார்கள், பத்து நிமிடத்தில் ஓகே சொல்லிவிட்டார்கள். அடுத்த மேசையில்தான் சிக்கல். "ஹெவி லைசென்ஸ் எங்க? விடி சர்ட்டிஃபிகேட்? மெடிக்கல்? ஸ்கில் கார்டு?" என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள். இவனிடம் இருந்தது ஒரே ஒரு கார் லைசென்ஸ்.

திரும்பி வந்து என்கிட்ட சொன்னது இதுதான்: "கை இருக்குதுங்ணா, காகிதம்தான் இல்ல."

சேலம், நாமக்கல் பக்கம் இப்படி எத்தனையோ பேர். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் ஓட்டுபவர்கள், கிரஷர் லோடர் ஓட்டுபவர்கள், டிப்பர் டிரைவர்கள் எல்லாரும் தொழிலைத் தொழிலிலேயே கற்றவர்கள். அவர்களில் யாராவது சுரங்க வேலைக்குப் போக நினைத்தால் என்னென்ன பேப்பர் வேண்டும், எது எங்கே கிடைக்கும், எதுக்குக் காசு கொடுக்கக் கூடாது என்று விசாரித்ததில் தெரிந்தவை இவை.

'மைனிங் லைசென்ஸ்'னு ஒண்ணு கிடையாது

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பஸ் ஸ்டாண்டு சுவரில் போஸ்டர் பார்த்திருப்பீர்கள். '15 நாளில் ஜேசிபி, ஹிட்டாச்சி பயிற்சி. மைனிங் லைசென்ஸ் உண்டு. வெளிநாட்டு வேலை உறுதி.' இந்தியாவில் ஆபரேட்டருக்கு அப்படி ஒற்றை லைசென்ஸ் எதுவும் இல்லை.

தன்பாத்தில் தலைமையகம் வைத்திருக்கும் டிஜிஎம்எஸ், அதாவது சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம், தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது. ஆனால் அது சுரங்க மேலாளர், ஃபோர்மேன், மேட், பிளாஸ்டர் போன்ற பொறுப்புகளுக்கு. ஹிட்டாச்சி, டம்பர், டோசர் ஓட்டுபவருக்கு டிஜிஎம்எஸ் நேரடியாக லைசென்ஸ் எழுதித் தருவதில்லை. 'டிஜிஎம்எஸ் ஆபரேட்டர் லைசென்ஸ் வாங்கித் தர்றேன்' என்று யாராவது சொன்னால் பர்ஸை உள்ளே வையுங்கள்.

ஆபரேட்டருக்குத் தேவை ஒரு பேப்பர் அல்ல, ஒரு செட். ஆர்டிஓ லைசென்ஸ், உடல்தகுதிச் சான்று, தொழிற்பயிற்சிச் சான்று, சுரங்க மேலாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி. இதற்கு மேல் திறன் சான்றிதழ். ஒன்று இருந்தால் இன்னொன்று தேவையில்லை என்பது இங்கே செல்லாது.

குவாரியும் சுரங்கம்தான்!

"நான் வேலை செய்யறது குவாரிதானே, சுரங்கச் சட்டம் நமக்கு எதுக்கு?" என்று தம்பி கேட்டான். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

சுரங்கம் என்றாலே பூமிக்கடியில் குகை தோண்டி, தலையில் விளக்கு கட்டிக்கொண்டு போவது என்ற சினிமாக் காட்சி மனசில் இருக்கிறது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. சேலம் - ஓமலூர் பக்கம் வெள்ளை வெளேர் என்று தெரியும் மேக்னசைட் குழிகள் சுரங்கம். அங்கிருந்து வரும் கல்தான் இரும்பு உருக்கும் உலைகளுக்கு உட்பூச்சுச் செங்கல் ஆகிறது. 1979-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் டான்மேக் நிறுவனமும், செயில் நிறுவனத்தின் ரிஃப்ராக்டரி கம்பெனியும் இந்தத் தொழிலில் இருப்பவை. சங்ககிரி பக்கம் சிமென்ட்டுக்காக எடுக்கும் சுண்ணாம்புக்கல் குழியும் சுரங்கம். கொல்லிமலையில் ஒருகாலத்தில் பாக்சைட் எடுத்ததும் அப்படித்தான்.

கட்டடக் கல், ஜல்லி, கிராவல் எடுக்கும் சின்னத் திறந்தவெளிக் குழிகளுக்கு 1952-ம் ஆண்டு சுரங்கச் சட்டம் பெரும்பாலான விதிகளிலிருந்து விலக்கு கொடுத்தது. ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. குழியின் ஆழம் எங்கேயும் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. எந்த நாளிலும் 50 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது. வெடி வைக்கவே கூடாது. மூன்றில் ஒன்று மீறினாலும் விலக்கு போச்சு.

இப்போ நாமக்கல் பக்கம் ஒரு ஜல்லிக் குவாரியை மனசுக்குள் கொண்டுவந்து பாருங்கள். 6 மீட்டர் ஆழத்தோடு நிற்கும் குவாரியை நீங்கள் எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? வெடிச் சத்தம் கேட்காத குவாரி? ஆக, தம்பி ஆறு வருஷமாக வேலை பார்த்தது சட்டப்படி ஒரு சுரங்கத்தில். அவனுக்கு மெடிக்கலும் பயிற்சியும் முதல் நாளே கிடைத்திருக்க வேண்டும்.

2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. பழைய சுரங்கச் சட்டமும் அதற்குள் போய்விட்டது. சட்டத்தின் பெயர் மாறினாலும், ஆபரேட்டர் கையில் வைத்திருக்க வேண்டிய பேப்பர்களின் அடிப்படை இதேதான்.

முதல் பேப்பர்: ஆர்டிஓ ஆபீஸ்

மோட்டார் வாகன விதிகளில் 'கட்டுமான இயந்திர வாகனம்' என்று தனி வகை இருக்கிறது. டயர் வைத்த ஜேசிபி, லோடர், கிரேடர், மொபைல் கிரேன், ஃபோர்க்லிஃப்ட் எல்லாம் அதில் அடக்கம். வேலை முக்கியம், ரோட்டில் ஓடுவது கொஞ்ச நேரம்தான் என்ற வகை. ரோட்டில் ஏறினால் லைசென்ஸ் கட்டாயம். 'சாரதி' தளத்தில் விண்ணப்பிக்கும்போது லோடர் - எக்ஸ்கவேட்டர், கிரேன், ஃபோர்க்லிஃப்ட், ரிக் என்று தனித்தனி வகைகள் காட்டும். உங்கள் வண்டி எதுவோ அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'கார் லைசென்ஸ் இருக்கே, ஜேசிபிக்கும் அதுவே போதும்' என்று முதலாளி சொல்வதை நம்பி இருக்க வேண்டாம்.

செயின் வைத்த ஹிட்டாச்சியும், சுரங்கத்துக்குள் மட்டுமே ஓடும் ராட்சத டம்பரும் ரோட்டுக்கே வராதவை. அவற்றுக்கு ஆர்டிஓ கேள்வி எழாது. ஆனாலும் டம்பர் ஆபரேட்டர் எடுக்கும் கம்பெனிகள் பெரும்பாலும் ஹெவி லைசென்ஸ் கேட்பார்கள். டிப்பர் ஓட்ட அது வேண்டவே வேண்டும்.

ஹெவி எடுக்க வயசு 20 ஆகியிருக்க வேண்டும். கார் லைசென்ஸ் கையில் வந்து ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். முன்பு எட்டாம் வகுப்பு பாஸ் என்ற நிபந்தனை இருந்தது. 2019-ல் அதை எடுத்துவிட்டார்கள். 'எனக்குப் படிப்பு இல்லையே' என்று ஒதுங்கி நிற்கும் மாமாக்களுக்கும் அண்ணன்களுக்கும் இந்தத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை, நீங்களாவது சொல்லுங்கள்.

எக்ஸ்ரே... ரொம்ப முக்கியம்!

எல்லாரும் சும்மா ஒரு கையெழுத்து என்று நினைப்பது மெடிக்கலைத்தான். எனக்கு இதுதான் இந்த செட்டிலேயே பெரிய பேப்பராகத் தோன்றுகிறது.

சுரங்கத்தில் சேரும்போது ஒரு மருத்துவப் பரிசோதனை. அதன்பிறகு 5 வருஷத்துக்கு மிகாமல் ஒரு பரிசோதனை. கண், காது, ரத்த அழுத்தம், கூடவே நெஞ்சு எக்ஸ்ரே. தேறினால் தரும் சான்றுக்கு 'ஃபார்ம் ஓ' என்று பெயர். இதற்கான ஏற்பாடும் செலவும் சுரங்க உரிமையாளர் பொறுப்பு. உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

எக்ஸ்ரே எதற்கு? நம்ம ஊர்ப் பாறையில் சிலிக்கா இருக்கிறது. டிரில் அடிக்கும்போதும், கிரஷரில் உடைக்கும்போதும், பிரேக்கர் போடும்போதும் அது தூசியாகப் பறக்கும். கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கும் தொண்டையும் ஓரளவு தடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான் நுரையீரலின் அடி வரைக்கும் போய் உட்கார்ந்து தழும்பை உண்டாக்கும். அதற்குப் பெயர் சிலிகோசிஸ். வந்துவிட்டால் பழைய நுரையீரல் திரும்பக் கிடைக்காது. பல வருஷம் ஒன்றுமே தெரியாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் மாடி ஏறும்போது மூச்சு வாங்கும். காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம். டிபி என்று நினைத்தே பலருக்கு வருஷக் கணக்கில் வைத்தியம் நடந்துவிடும்.

ஆபரேட்டர் கேபினுக்குள்தானே இருக்கிறார் என்று கேட்கலாம். ஏசி ரிப்பேராகி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டாத குவாரி வண்டி எத்தனை இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

சிலிகோசிஸ் சட்டத்தில் அறிவிக்கப்பட்ட தொழில் நோய், இழப்பீடு உண்டு. ஆனால் இழப்பீடு கேட்டுப் போனால், 'இங்கே சேர்றதுக்கு முன்னாடியே உனக்கு இருந்திருக்கும்' என்று எதிர்க்கட்சி சொல்லும். அந்த இடத்தில் உங்களைக் காப்பாற்றுவது நீங்கள் சேர்ந்த அன்று எடுத்த எக்ஸ்ரே. 'அன்னைக்கு என் நுரையீரல் நல்லா இருந்துச்சு' என்பதற்கு அதுதான் சாட்சி. அதனால் ஒவ்வொரு மெடிக்கலின் ரிப்போர்ட்டையும் ஒரு காப்பி கேட்டு வாங்குங்கள். போட்டோ எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தாலும் மெயில் இருக்கும்.

விடி டிரெய்னிங்: தூங்கற கிளாஸ் இல்லைங்க

1966-ம் ஆண்டு சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள்படி, சுரங்கத்தில் வேலைக்குச் சேரும் யாரும் தொழிற்பயிற்சி முடித்திருக்க வேண்டும். களத்தில் 'விடி', 'விடிசி' என்று சொல்வது இதைத்தான். சுரங்க உரிமையாளர்கள் நடத்தும் மையத்தில் இது நடக்கும். சின்னச் சுரங்கங்கள் சேர்ந்து ஒரு பொது மையம் வைத்துக்கொள்ளலாம். வேலையில் இருப்பவர்களுக்கும் இடையிடையே புதுப்பிப்புப் பயிற்சி உண்டு. ரோட்டோர ஜேசிபி ஸ்கூல் இந்தச் சான்றிதழைத் தர முடியாது.

ஆறு வருஷம் ஓட்டியவனுக்கு என்ன புதுசா சொல்லித் தரப் போறாங்க? தம்பியும் இப்படித்தான் அலுத்துக்கொண்டான். பக்கெட்டை எப்படி அசைப்பது என்று அங்கே சொல்லித் தர மாட்டார்கள். எப்போது அசைக்கக் கூடாது என்று சொல்லித் தருவார்கள்.

உதாரணமாக படி, அதாவது பெஞ்ச். பாறையைச் செங்குத்தாக வெட்டிக்கொண்டே போகக் கூடாது. கடினப் பாறையில் ஒவ்வொரு படியும் 6 மீட்டர் உயரத்துக்குள், படியின் அகலம் உயரத்துக்குக் குறையாமல் என்பது அடிப்படை விதி. அதற்கு மேல் என்றால் தனி அனுமதி வேண்டும். அடியில் குடைந்து மேலே பாறை தொங்க விடுவது தடை. ஆனால் அவசர லோடுக்காக அடியில் குடைவதுதான் குவாரிகளில் நடக்கிறது. மேலே தொங்கும் பாறை விழுந்தால் முதலில் மாட்டுபவர் கேபினில் இருக்கும் ஆபரேட்டர்.

டம்பர் ரிவர்ஸ் எடுத்துக் கொட்டும் இடத்தில் விளிம்பில் மண் வரப்பு இருக்கிறதா, ரிவர்ஸ் அலாரம் அடிக்கிறதா, டிப்பர் பாடியைத் தூக்கும்போது மேலே கரன்ட் கம்பி போகிறதா, வெடி வைத்தபின் வெடிக்காமல் போன குழி எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா... இதெல்லாம் பாடம். வெடிக்காத குழியில் பக்கெட்டை விட்டால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை.

இந்தப் பயிற்சியின் நிஜமான பலன் வேறு. 'அடியில குடைஞ்சு எடு' என்று சூப்பர்வைசர் சொல்லும்போது, 'முடியாதுங்க' என்று சொல்ல ஒரு காரணம் கையில் இருக்கும். விதி தெரியாதவன் மறுத்தால் திமிர் என்பார்கள். விதியைச் சொல்லி மறுப்பவனைக் கொஞ்சம் யோசித்துத்தான் திட்டுவார்கள்.

மேலாளரின் அனுமதி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எந்த வண்டியை ஓட்டலாம் என்று உங்கள் பெயர் போட்டு எழுதிக் கொடுப்பார். ஹிட்டாச்சிக்கு அனுமதி இருக்கிறது என்பதற்காக, 'இன்னைக்கு டோசர்காரன் வரல, நீ ஏறு' என்றால் ஏறக் கூடாது. வேறு சுரங்கத்துக்கு மாறினால் அங்கே புதிதாக வாங்க வேண்டும்.

இவற்றோடு, தொழிலாளர் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். விபத்து நடந்தால் 'சர்ட்டிஃபிகேட் இல்லை' என்பதற்காக இழப்பீட்டை மறுத்துவிட முடியாது. ஆனால் பதிவேட்டில் பெயரே இல்லையென்றால், நீங்கள் அங்கே வேலை பார்த்தீர்கள் என்பதையே உங்கள் குடும்பம் நிரூபிக்க வேண்டியிருக்கும். வாரக் கூலியைக் கையில் வாங்கி, எதிலும் கையெழுத்துப் போடாமல் வருஷங்கள் ஓட்டியவர்களுக்கு இருக்கும் பெரிய ஆபத்து இது. சம்பளம் பேங்க் அக்கவுன்ட்டில் வரச் சொல்லிக் கேளுங்கள்.

கை இருக்கறவங்களுக்கு ஆர்பிஎல்

திறன் சான்றிதழைப் பொறுத்தவரை இரண்டு அமைப்புகளின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சுரங்கத் துறைக்கான திறன் கவுன்சில். இன்னொன்று கட்டுமான இயந்திரங்களுக்கான 'இன்ஃப்ராஸ்ட்ரக்சர் எக்யூப்மென்ட் ஸ்கில் கவுன்சில்'. எக்ஸ்கவேட்டர், லோடர், டோசர், டம்பர் என ஒவ்வொரு வண்டிக்கும் தனித் தனியாகத் தரம் வகுத்து, தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறார்கள்.

தம்பி மாதிரி ஆட்களுக்கு இதில் ஒரு நல்ல வழி இருக்கிறது. ஆர்பிஎல். ஏற்கெனவே தெரிந்த வேலையை அங்கீகரிப்பது என்று அர்த்தம். மாசக் கணக்கில் கோர்ஸ் உட்கார வேண்டாம். சின்ன அறிமுக வகுப்பு, அப்புறம் நேராகத் தேர்வு. வண்டியிலும் வைப்பார்கள், வாய்மொழியாகவும் கேட்பார்கள். மத்திய அரசின் பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்துக்குள் நடந்தால் கட்டணம் கிடையாது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் மாவட்ட அலுவலகத்தில், எந்தப் பேட்ச் எப்போது என்று கேட்கலாம்.

புதிதாகக் கற்க வருபவர்கள் சேரும் முன் மூன்றே கேள்வி கேளுங்கள். சான்றிதழில் என்சிவெட் அங்கீகாரம் இருக்குமா? தேர்வை ஸ்கூல்காரரே வைப்பாரா, வெளியாள் வந்து வைப்பாரா? வண்டியில் ஒவ்வொருத்தருக்கும் எத்தனை மணி நேரம்? மூணாவது கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால் கிளம்பிடலாம். 30 பேருக்கு ஒரு பழைய ஜேசிபி வைத்து 15 நாளில் முடிக்கும் இடத்தில் உங்கள் முறை வருவதற்குள் டீசல் தீர்ந்துவிடும்.

வேலை எங்கே?

தமிழ்நாட்டில் பெரிசு என்றால் நெய்வேலிதான். 1956-ல் தொடங்கிய என்எல்சி, சக்கரம் மாதிரி சுழலும் பக்கெட்டுகள் வைத்த ராட்சத இயந்திரங்களால் மேல்மண்ணை வாரும் சுரங்கம். அரியலூர் பக்கம் சிமென்ட் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். வடக்கே போனால் கோல் இந்தியாவின் துணை நிறுவனங்கள் அவ்வப்போது ஆபரேட்டர் பயிற்சியாளர் இடங்களுக்கு அறிவிப்பு விடும். பத்தாம் வகுப்பும் ஹெவி லைசென்ஸும் கேட்பது வழக்கம். சத்தீஸ்கரின் கெவ்ரா சுரங்கத்தில் 240 டன் டம்பர் ஓடுகிறது. நம்ம ஊர் டிப்பர் அதன் டயர் பக்கத்தில் நின்றால் பொம்மை மாதிரி இருக்கும்.

இதைப் படிக்கும் தங்கச்சிகளுக்கும் ஒரு வரி. 2019 ஜனவரியில் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. திறந்தவெளிச் சுரங்கத்தில் பெண்கள் அவர்கள் சம்மதத்தோடு இரவு ஷிஃப்ட்டிலும் வேலை செய்யலாம். ஜார்க்கண்டின் நோவாமுண்டி இரும்புத்தாதுச் சுரங்கத்தில் பெண்கள் டம்பர் ஓட்டுகிறார்கள். லீவருக்கு ஆண், பெண் தெரியாது.

ஃபிளைட் ஏறும் முன்

வெளிநாடு என்றதும் தலைகால் புரியாமல் பணம் கட்டிவிடாதீர்கள். இங்கே வாங்கிய சான்றிதழ் அங்கே அப்படியே செல்லும் என்று நினைக்க வேண்டாம். வளைகுடா நாடுகளின் பெரிய ப்ராஜெக்ட்களில் அங்கேயே மூன்றாம் தரப்பு நிறுவனம் சோதித்து ஆபரேட்டர் கார்டு தரும். ஆஸ்திரேலியச் சுரங்கத்தில் அவர்கள் நாட்டுப் பயிற்சி யூனிட்டும், தளத்திலேயே திறன் சரிபார்ப்பும் உண்டு. இங்கே உங்கள் லைசென்ஸும் திறன் சான்றிதழும் இன்டர்வியூ வரைக்கும் கொண்டுபோகும்.

பத்தாம் வகுப்பு பாஸ் ஆகாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் இசிஆர் வகை. வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். ஏஜென்ட் பெயர் 'இ-மைக்ரேட்' தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், கூடவே ஜிஎஸ்டி. லட்சக் கணக்கில் கேட்டாலோ, 'முதல்ல விசிட் விசாவுல போ, அங்க மாத்திக்கலாம்' என்றாலோ அந்த வண்டியில் ஏறாதீர்கள். முறையாகப் போனால் 'பிரவாசி பாரதிய பீமா' இன்சூரன்ஸ் உண்டு. இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், 10 லட்சம் கவரேஜ். சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் எடுக்கிறது. அதன் தளத்தை வாரம் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

தம்பி கதைக்கு வருவோம். கார் லைசென்ஸ் எடுத்து நாலு வருஷம் ஆகியிருந்ததால் ஹெவிக்கு எல்எல்ஆர் போட்டான், 30 நாள் கழித்து டெஸ்ட், பாஸ். ஆர்பிஎல் தேர்வும் முடிந்தது. வாய்மொழித் தேர்வில், 'மேல பாறை தொங்குது, என்ன பண்ணுவே?' என்று கேட்டார்களாம். "வண்டிய பின்னாடி எடுத்துட்டு மேட்டைக் கூப்பிடுவேன்னு சொன்னேங்ணா. ஆறு வருஷமா ஒருநாள்கூட அப்படிப் பண்ணதில்ல" என்றான். எக்ஸ்ரே க்ளியர். அதைச் சொல்லும்போதுதான் சித்தி முகத்தில் சிரிப்பு வந்தது. விடி வகுப்பு வேலையில் சேர்கிற இடத்தில்தான். அடுத்த திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். பேப்பரெல்லாம் வைக்க ஜிப் வைத்த ஃபைல் ஒன்று வாங்கி வைத்திருக்கிறான், உள்ளே இன்னும் ரெண்டு கவர் காலியாக இருக்கிறது.